இருக்கும் பெயர் ஏன் கிடைக்கவில்லை?



இரண்டு மாதமாக எழுதவில்லை. கண்ணில் புரை எடுத்தார்கள். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. விட்டதற்கும் சேர்த்து இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் மிச்சத்தை ராத்திரி வந்து படியுங்கள்.

பொங்கலுக்குப் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கரும்பைக் கையில் கொடுத்தால் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் களையே இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லையாம்.

"சார், கஸ்டமர் பேரு உள்ளே இருக்கு. கண்ணால பாக்குறேன். ஆனா தேடச் சொன்னா இல்லைங்குது."

"எழுத்துப் பிழையா இருக்கும்ப்பா."

"ஒரு எழுத்து மாறல சார். இல்லைன்னு காட்டினதால ஆபீஸ்ல இன்னொரு தடவை ஏத்திட்டாங்க. ஒரே நம்பர் ரெண்டு தடவை வரவே கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டிருக்கோம். அதையும் தாண்டி ஏறியிருக்கு."

"அப்புறம் என்னதான் மாறிச்சு?"

"வரிசை சார். அகர வரிசை மாறிடுச்சு."

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு பெண்பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது. உதவித்தொகைக்குத் தேர்வானவர்களின் பட்டியலைப் பள்ளிப் பலகையில் ஒட்டினோம். அதுவரை கையால் எழுதி வந்த பட்டியல், அந்த வருடம்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தி வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் "அன்" என்று தொடங்கும். என் வருகைப் பதிவேட்டில் அகரப் பெயர்களின் கடைசியில் இருப்பாள். அறிவழகிக்கு அடுத்து அவள், அவளுக்கு அடுத்து ஆனந்தி. அந்த இடத்தில் நின்றுதான் ஐந்து வருடம் "உள்ளேன் ஐயா" சொன்னவள். பலகையிலும் அதே இடத்தில் தேடியிருக்கிறாள். ஆனந்தி இருந்தாள். ஆனந்திக்கு மேலே அழகம்மாள் இருந்தாள். இவள் இல்லை. யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கையெழுத்துப் போடக் கடைசி நாள். அவள் பள்ளிக்கு வரவில்லை. பருத்தி எடுக்கப் போய்விட்டதாகத் தோழிகள் சொன்னார்கள். சந்தேகப்பட்டு நானே பலகையின் முன் நின்று முதலிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மேலே, அபிராமிக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் பெயர். ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பி, சாயந்திரம் 4 மணிக்குள் அவளை அழைத்து வந்து கையெழுத்து வாங்கினோம். விரல்களில் பருத்திக்காய் கீறிய கோடுகள் இருந்தன.

அன்றைக்கு "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சு" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். என் மாணவர் பேசியதைக் கேட்ட பிறகுதான், அவள் பலகையில் தேடியதும் அவருடைய இயந்திரம் தேடியதும் ஒரே விதம் என்று உறைத்தது. இருவருமே முழுப் பட்டியலையும் படிக்கவில்லை. "இருந்தால் இங்கேதான் இருக்கும்" என்ற இடத்துக்கு நேராகப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே இல்லாததால் எங்குமே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

அகராதியில் ஒரு சொல்லை எப்படித் தேடுகிறோம்? நடுவில் பிரிக்கிறோம். நம் சொல் அதற்கு முன்னாலா, பின்னாலா என்று பார்த்து ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். மிச்சத்தை மறுபடி பிரிக்கிறோம். டேட்டாபேஸில் உள்ள இண்டெக்ஸும் இப்படித்தான் வேலை செய்கிறது. இதை மரம்போல் கிளை பிரித்து அமைக்கும் முறையை 1970 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் உருவாக்கினார்கள். பி-மரம் என்று பெயர். கோடிப் பெயர்கள் இருந்தாலும் நாலைந்து கிளைத் திருப்பங்களில் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்துவிடும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "முன்னாலா, பின்னாலா" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அடுக்கியபோது சொன்ன பதிலும் தேடும்போது சொல்லும் பதிலும் ஒன்றாக இருந்தால்தான் மரம் பயன்படும். ஒரு திருப்பத்தில் பதில் மாறினாலும் தவறான கிளையில் ஏறிப்போய், "இல்லை" என்று முழு நம்பிக்கையோடு சொல்லிவிடும்.

அந்தப் பதிலை முடிவு செய்வது யார்? இதுதான் இன்றைய பதிவின் வரலாறு.

அகர வரிசை என்றால் பிறவியிலேயே எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறோம். 1604இல் லண்டனில் ராபர்ட் காட்ரி என்பவர் ஆங்கிலத்துக்கு ஒரு சிறு அகராதி வெளியிட்டார். நம்மைப்போல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முன்னுரையில் வாசகருக்கு எழுத்துகளின் வரிசையை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார். இன்ன எழுத்தில் தொடங்கினால் புத்தகத்தின் முற்பகுதியில் தேடு, இன்ன எழுத்தென்றால் கடைசிப் பகுதியில் தேடு என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்குகிறார். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் நேர்மையான காரியம்: இந்தப் புத்தகம் எந்த வரிசையில் அடுக்கப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். பலகையில் ஒட்டிய எங்கள் பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை.

நம்மிடமும் அகர வரிசை நூல்கள் பிறகு வந்தவைதான். திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் சொற்களைப் பொருள் வாரியாகத் தொகுத்தன. 1594இல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில்தான் முதலெழுத்து வாரியாக அடுக்கும் முறை வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. ஆனால் எழுத்துகளின் வரிசை மட்டும் மிகப் பழையது. தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே தொடக்கம் அகரம், முடிவு னகரம் என்று வரம்பு கட்டிவிடுகிறது. றன்னகரம் கடைசி எழுத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற குறியீட்டு முறை தரமாக வந்தது. எழுத்துக்கு ஓர் எண். முதலில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும்தான். சின்ன எழுத்துகள் 1967 திருத்தத்தில் நிலைபெற்றன. பெரிய எழுத்துகளுக்கு 65 முதல் 90 வரை, சின்ன எழுத்துகளுக்கு 97 முதல் 122 வரை. இயந்திரம் எண்ணைப் பார்த்து அடுக்கினால் பெரிய இசட் கூடச் சின்ன ஏ-க்கு முன்னால் வந்துவிடும். எந்த ஆங்கில அகராதியிலும் அப்படிக் கிடையாது. எண் வரிசை வேறு, மனிதர் வரிசை வேறு என்ற பிளவு ஆங்கிலத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

மற்ற மொழிகள் நுழைந்ததும் பிளவு பெரிதானது. ஸ்வீடனில் மேலே புள்ளியும் வட்டமும் வைத்த மூன்று எழுத்துகள் இசட்டுக்கும் பின்னால் வருகின்றன. ஜெர்மானியர்கள் புள்ளி வைத்த ஏ-வைச் சாதாரண ஏ-வுடனே வைத்து அகராதி அடுக்குவார்கள். தொலைபேசிப் பெயர்ப் பட்டியலில் அதையே ஏ-ஈ என்ற ஈரெழுத்தாக எண்ணி அடுக்க இன்னொரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு அகர வரிசை! ஸ்பானிய மொழியில் சி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் தனி எழுத்தாகக் கருதி, சி-யில் தொடங்கும் சொற்களெல்லாம் முடிந்த பிறகே அடுக்கி வந்தார்கள். 1994இல் மாட்ரிட்டில் கூடிய ஸ்பானிய மொழி அகாதமிகளின் மாநாடு அதை விட்டுவிட்டு, மற்ற நாடுகளைப்போல் சி-க்குள்ளேயே அடுக்குவது என்று முடிவு செய்தது. சாக்லேட் என்ற சொல் ஒரே நாளில் பல பக்கம் முன்னால் நகர்ந்தது. கூடிப் பேசி ஊரறிய மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வேறுபாட்டுக்கெல்லாம் நிரல் எழுதுவோர் கண்டுபிடித்த வழிதான் லோகேல். ஊர் வழக்கு என்று நான் சொல்வேன். 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்தபோது இது அதில் இடம்பெற்றது. எழுத்துகளை எப்படி அடுக்குவது, எது எழுத்து எது குறி, பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்து எது, பணத்தை எப்படிக் காட்டுவது, பின்னத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா, தேதி எப்படி, எல்லாவற்றையும் நிரலுக்குள் எழுதாமல் வெளியே ஒரு கோப்பில் வைத்து, "இந்த ஊர் வழக்கு" என்று பெயர் சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் "சி" என்ற வழக்கு. அதாவது வெறும் எண் வரிசை. அருமையான யோசனை. லட்சத்துக்கு நாம் காற்புள்ளி போடும் இடமும் அமெரிக்கர் போடும் இடமும் வேறு என்பதை ஒரு நிரல் தெரிந்துகொள்ள வேறு நல்ல வழி இல்லை.

திரையில் காட்டும் நிரலுக்கு இதில் ஆபத்து இல்லை. நாளைக்கு வழக்கு மாறினால் நாளைக்குக் காட்டும் விதம் மாறும், அவ்வளவுதான். அடுக்கி வட்டில் எழுதிவைக்கும் டேட்டாபேஸுக்குத்தான் சங்கடம்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் 1986இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம். அதை நிறுவும்போது முதன்முதலில் ஓடுவது இனிட்-டிபி என்ற சின்ன நிரல். வீடு கட்டும்போது கடைக்கால் தோண்டும் வேலை மாதிரி. வாழ்நாளில் ஒருமுறைதான் ஓடும், சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் அகர வரிசை முடிவாகிவிடுகிறது.

எப்படி முடிவாகிறது என்பதுதான் என்னை உட்காரவைத்தது. நீங்கள் ஏதாவது சொன்னால் அதை எடுத்துக்கொள்ளும். சொல்லாவிட்டால், அது எந்தச் சூழலில் இயக்கப்படுகிறதோ அந்தச் சூழலின் ஊர் வழக்கைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதை ஒரு வரியில் எழுதியும் காட்டும். யார் படிக்கிறார்கள்? என் மாணவர் இன்னொன்று சொன்னார். தொலைவில் உள்ள சர்வருக்குள் தன் லேப்டாப் வழியாக நுழைந்தால், பல லினக்ஸ் அமைப்புகளில் லேப்டாப்பின் ஊர் வழக்கும் கூடவே போய்விடுமாம். ஆக, யாரோ ஒரு பொறியாளர் தன் லேப்டாப்பை என்றைக்கோ எந்த மொழியில் அமைத்தாரோ, அதுவே ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸுக்கு அகர வரிசையாக அமைந்துவிடலாம்.

எடுத்துக்கொண்ட வழக்குகளில் பணம், தேதி, எண், அறிவிப்பு மொழி இவற்றைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டை மட்டும் முடியாது: அடுக்கும் முறை, எழுத்தின் வகை. காரணம் உங்களுக்கே தெரியும். அவற்றை நம்பித்தான் இண்டெக்ஸ் மரங்கள் வட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2009இல் 8.4 பதிப்பு வரும் வரை, இனிட்-டிபி எடுத்த முடிவுதான் அதற்குள் உருவாகும் எல்லா டேட்டாபேஸுக்கும். மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, மறுபடி கடைக்காலிலிருந்து கட்ட வேண்டும். 8.4இல் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி வழக்கு வைக்க வழி வந்தது. 2011இல் 9.1 பதிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் தனியாகச் சொல்லலாம் என்று ஆனது. அப்போதும் ஒன்றும் சொல்லாதவருக்கு முதல் நாள் எடுத்த வழக்குதான்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் கதை இதைவிட வேடிக்கை. அது ஸ்வீடன் நாட்டில், உப்சாலா நகரில் வளர்ந்த நிறுவனத்துடையது. எழுதியவர்கள் அவர்கள் ஊர் அகர வரிசையை இயல்பு நிலையாக வைத்தார்கள். நாம் எழுதியிருந்தால் நம்முடையதை வைத்திருப்போம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மென்பொருள் உலகம் முழுவதும் பரவியது. சின்னச் சின்ன இணையக் கடைகள், பள்ளிக்கூட இணையதளங்கள், எல்லாம் அதன்மேல். நிறுவியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஸ்வீடன் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. 2018இல் 8.0 பதிப்பு வந்தபோதுதான் யூனிகோடு இயல்பு நிலையானது. சோழர் கடல் கடந்து போனதை நாம் பெருமையாகப் படிக்கிறோம்; ஒரு வாளும் இல்லாமல் உப்சாலாவின் அகர வரிசை அதைவிட நிறைய ஊர்களுக்குப் போயிருக்கிறது.

துருக்கியையும் சொல்லாமல் போனால் வரலாற்று வாத்தியாருக்கு அழகில்லை. 1928இல் முஸ்தபா கெமால் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்குச் சட்டம் போட்டு மாற்றினார் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். அந்தப் புதிய நெடுங்கணக்கில் புள்ளி வைத்த ஐ ஒன்று, புள்ளி இல்லாத ஐ ஒன்று, இரண்டும் வேறு ஒலி, வேறு எழுத்து. ஆகவே துருக்கிய வழக்கில் பெரிய ஐ-க்குச் சின்ன எழுத்து, புள்ளி இல்லாத ஐ. ஒரு டேட்டாபேஸ் தனக்கு வரும் ஆங்கிலக் கட்டளைகளை ஊர் வழக்குப்படி சின்ன எழுத்தாக்கிப் படித்தால், இன்சர்ட் என்ற கட்டளை முதலெழுத்தில் புள்ளியை இழந்துவிடும். தன் சொந்தக் கட்டளையே தனக்கு அடையாளம் தெரியாது! போஸ்ட்கிரஸின் நிரலுக்குள்ளேயே, கட்டளைச் சொற்களுக்கு ஊர் வழக்கைப் பயன்படுத்தக் கூடாது, துருக்கி போன்ற இடங்களில் தவறாகிவிடும் என்று ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். மாணவர் தன் போனில் எடுத்துக் காட்டினார். 1928ஆம் வருடச் சட்டம் இன்னும் ஒரு நிரலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அவருடைய மூன்று நாள் தூக்கத்துக்கு வருகிறேன்.

போஸ்ட்கிரஸ் தன் ஊர் வழக்கைத் தானே எழுதிவைத்துக்கொள்ளவில்லை. பெயரை மட்டும் குறித்துக்கொண்டது. "முன்னாலா, பின்னாலா" என்று கேள்வி வரும்போதெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுக்கொள்ளும். லினக்ஸில் அதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் ஜி-லிப்-சி என்ற அடிப்படைத் தொகுப்பு. 2018 ஆகஸ்டில் அதன் 2.28 பதிப்பு வந்தது. உலக மொழிகளை அடுக்குவதற்கான ஐஎஸ்ஓ 14651 தரத்தின் புதிய பதிப்போடு ஒத்துப்போகும்படி, அடுக்கும் அட்டவணையை மொத்தமாக மாற்றினார்கள். நல்ல நோக்கம்தான். பழைய அட்டவணையில் நிறையக் குறைகள் இருந்தன.

மாற்றம் எப்படிப்பட்டது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம்: அமெரிக்க ஆங்கில வழக்கில் 11 என்றும் 1-1 என்றும் இரண்டு குறிகளை அடுக்கச் சொன்னால், பழைய பதிப்பு 11ஐ முன்னால் வைக்கும். புதிய பதிப்பு 1-1ஐ முன்னால் வைக்கும். நடுவில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வேறுபாடு.

2019இல் வெளிவந்த டெபியன் 10, ரெட்ஹாட் 8 போன்ற லினக்ஸ் பதிப்புகளில் இந்தப் புதிய தொகுப்பு இருந்தது. உலகம் முழுவதும் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறியவர்கள் பலர், டேட்டாபேஸ் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கின் பெயர் பழைய பெயரேதான். பெயர் ஒன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உள்ளே இருந்த அகராதி வேறு. பழைய அகராதிப்படி அடுக்கிய மரத்தில் புதிய அகராதிப்படி ஏறித் தேடியது இயந்திரம். கோடு போட்ட குறிகளுக்கு அருகே மட்டும் தவறான கிளையில் திரும்பியது. அதனால்தான் இந்தக் கோளாறு உடனே தெரியாது. ஆயிரத்தில் 990 சரியாகவே கிடைக்கும். கிடைக்காத பத்துப் பேர் போன் செய்து சண்டை போட்டால்தான் தெரியும்.

என் மாணவர் வேலை பார்க்கும் இடத்தில் மிகப் பழைய சர்வரை இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் எண்களில் நடுவே கோடு உண்டு. தேடினார்கள், இல்லை. மறுபடி ஏற்றினார்கள். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்க்கும் காவல்காரனும் அதே மரத்தில்தான் ஏறிப் பார்க்க வேண்டும். அவனும் தவறான கிளையில் ஏறி "இல்லை" என்றான். ஏறிவிட்டது. ஒருவருக்கு இரண்டு கணக்கு, கட்டிய பணம் ஒன்றில், பாக்கி இன்னொன்றில். வயதான ஒரு பெரியவர் கட்டிய தவணைக்கு மறுபடி நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரில் வந்து நின்றாராம். அதைச் சொல்லும்போதுதான் மாணவரின் குரல் இறங்கியது.

பரிகாரம் எளிது: எல்லா மரங்களையும் பிரித்துப் புதிய வரிசையில் மறுபடி கட்டுவது. ஆனால் ஒரே எண் இரண்டு முறை ஏறிவிட்ட இடங்களில் மரம் கட்டவே மறுக்கும். அந்த இரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது உண்மை என்று மனிதர் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். மூன்று நாள் அதற்குத்தான் ஆனது.

போஸ்ட்கிரஸ் எழுதுபவர்கள் சும்மா இருக்கவில்லை. 2017இல் 10ஆம் பதிப்பில், ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்பாமல் ஐசியூ என்ற யூனிகோடு தொகுப்பிடம் வரிசையைக் கேட்கும் வழி வந்தது. 2022இல் 15ஆம் பதிப்பில், ஒரு முழு டேட்டாபேஸுக்கே அதை வழக்காக வைக்கலாம் என்று ஆனது. அதே பதிப்பிலிருந்து, எந்தப் பதிப்பு அகராதிப்படி அடுக்கினோம் என்பதையும் டேட்டாபேஸ் குறித்துவைத்து, பின்னால் வேறு பதிப்பைக் கண்டால் எச்சரிக்கிறது. காட்ரியின் முன்னுரை 418 வருடம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தது! 2023இல் இனிட்-டிபி தானாகவே ஐசியூவை எடுத்துக்கொள்ளும்படி மாற்றிப் பார்த்து, வெளியிடுவதற்கு முன்பே பழையபடி திருப்பிவிட்டார்கள். 2024இல் 17ஆம் பதிப்பில், யாரிடமும் கேட்க வேண்டாத, தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஒரு வரிசையும் வந்தது. அது வெறும் எண் வரிசை. மாறாது, வேகமாக ஓடும். என் மாணவர் இதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார். அடியில் எண் வரிசை இருக்கட்டும், மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஊர் வழக்குப்படி அடுக்கிக் காட்டலாம் என்கிறார்.

"காட்டும்போது அடுக்க மறந்துட்டா?" என்று கேட்டேன். சிரித்தார். என் கேள்வி அந்தப் பெண்பிள்ளையைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியாது.

தமிழுக்கு எண் வரிசை என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மொழிகளுக்கு ஒரே அச்சில் எண் கொடுக்க இஸ்கி என்ற இந்தியத் தரம் வந்தது. அச்சு தேவநாகரிக்கு ஏற்றது. ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ள-வுக்குப் பக்கத்தில் ழ என்று இணை இணையாக வைத்தார்கள். 1991இல் யூனிகோடு அந்த அடுக்கையே எடுத்துக்கொண்டது. தொல்காப்பியத்தில் கடைசியில் நின்ற னகரம், யூனிகோடில் பகரத்துக்கு முன்னால் வந்து நின்றது. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் எண் கொடுத்ததால், நம் அகராதிகளில் க-வுக்கு முன் வரும் க், கௌ-வுக்கும் பின்னால் போனது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அன்பழகன் அபிராமிக்கு முன்னால், அப்பாஸ் அபிராமிக்குப் பின்னால். நம் வழக்கில் அப்பாஸ், அபிராமி, அமுதா, அருள், அழகம்மாள், அறிவழகி, அன்பழகன்.

எண் வரிசையைக் குறை சொல்லிப் பயனில்லை. எண் அடையாளத்துக்கு, வரிசைக்கு வேறு விதி என்று யூனிகோடுக்காரர்களே சொல்கிறார்கள். அவர்களுடைய பொது வரிசை அட்டவணையில் வ, ழ, ள, ற, ன என்று மெய்கள் நம் முறைப்படியே நிற்கின்றன. புள்ளி எழுத்தை முன்னால் கொண்டுவரத் தமிழுக்கென்று தனி விதியும் ஐசியூவில் இருக்கிறது. கேட்டால் கொடுக்கும். உதவித்தொகைப் பட்டியலைத் தயாரித்தவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அன்றைக்கு அவரை மனதுக்குள் நிறையத் திட்டினேன். இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மாணவர் கிளம்பும்போது கரும்பு பாதி தீர்ந்திருந்தது. போவதற்கு முன் என் லேப்டாப்பில் நம் பழைய மாணவர் பட்டியலைத் திறந்து, தமிழ் வரிசையில் அடுக்கும்படி அமைத்துக் கொடுத்தார். மொத்தம் 1,140 பெயர். அடுத்த மாதக் கூடுகைக்கு அதைத்தான் அச்சடித்து வாசலில் ஒட்டப் போகிறோம். முதல் தாளின் மேலே, "இப்பட்டியல் தமிழ் அகராதி முறையில் அடுக்கப்பட்டது, புள்ளி எழுத்து முதலில், றகர னகரம் கடைசியில்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதன் பிறகும் பெயர் கண்ணில் படாவிட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், என்னிடம் கேளுங்கள்.

அந்தப் பெண்பிள்ளை இப்போது திருநெல்வேலிப் பக்கம் செவிலியராக இருக்கிறாள். இந்தப் பதிவைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது, அம்மா. கூடுகைக்கு வருகிறாயா என்று தெரிய வேண்டும். சாப்பாட்டுக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது.